களத்தில் காய்ந்த எட்டு ஜிபி

லேப்டாப் ரிப்பேர் தொழில்ல மெஷினுக்கு என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்கிறது லேசு. வீட்ல அதை என்ன பண்ணுனாங்கன்னு கண்டுபிடிக்கிறதுதான் பெரும்பாடு. ஒரு பைலைத் திறக்க விட்டுட்டு டீ குடிச்சுட்டு வந்து, அப்பவும் அது திறக்காம, மெமரி எதை வாங்குறதுன்னு முழிச்ச அத்தனை பேருக்கும் நான் படுற பாடு புரியும்.

மாதிரிக்கு ஒண்ணு

ராமநாதபுரத்துல என் கடைக்கு ஒரு வெள்ளிக்கிழமை கருப்பையா அண்ணன் வந்தாரு. முதுகுளத்தூர் பக்கம் மிளகா விவசாயம். மக செல்விக்கு வீட்டுல இருந்தே பாக்குற கம்பெனி வேலை கெடைச்சிருக்கு, திங்கக்கிழமை சேரணும். ஆனா இருக்குற நாலு ஜிபி மெமரி பத்தாம, கம்பெனி சாப்ட்வேரைத் தொட்டாலே லேப்டாப் உறைஞ்சு நிக்குது. இந்த வேலை போச்சுன்னா பிள்ளை திருப்பூர் மில்லுக்குத்தான் பஸ் ஏறணும்.

கெட்டிக்காரப் பொண்ணு, பழைய மெமரியைக் கழட்டித் துணியில முடிஞ்சு மாதிரிக்குக் குடுத்து விட்டிருந்துச்சு. நான் அதே ரகத்துல மூணு எடுத்து வச்சேன். பேரு ஊரு இல்லாத மலிவு ஒண்ணு, பழசுல கழட்டுனது ஒண்ணு, வாரண்டியோட சாதாக் கம்பெனி எட்டு ஜிபி ஒண்ணு. "கொஞ்சம் கூடப் போனாலும் மூணாவதை எடுங்கண்ணே"ன்னேன். அவரு அதை எடுத்து, வத்தல் வாங்குறவங்க விதை கலகலன்னு கேக்குதான்னு பாப்பாங்களே, அதே மாதிரி காதுகிட்ட வச்சுக் குலுக்குனாரு.

"சத்தமே இல்லையே தாயி, சரியாக் காயலையோ?"

ஞாயிறு தும்மல்

வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு சிரிச்சுக்கிட்டே குடுத்தனுப்பிட்டேன். புத்தி கெட்டவ. ஞாயித்துக்கிழமை அப்பாவும் மகளும் லேப்டாப்போட வந்து நிக்கிறாங்க. ஆன் பண்ணுனா பீப் பீப்னு கத்துது, திரை இருட்டு. அடிமூடியைத் திறந்தேன், தும்மல். அடுத்தும் தும்மல். புது மெமரி பூரா சிவப்புத் தூசி.

"அய்யா இதைச் சனிக்கிழமை பூரா மிளகாக் களத்துல காயப் போட்டுட்டாருக்கா. நான் பாக்குறதுக்குள்ள பொழுது சாஞ்சிருச்சு"ன்னு செல்வி தலையைக் குனிஞ்சுக்கிச்சு. நம்ம ஊரு வெயில்லயா! நான் அண்ணனைப் பாத்தேன். அவரு கொஞ்சமும் அசரல.

"ஒரு காக்கா கிட்ட அண்டல தாயி, நானே கம்போட நின்னேன்."

பொழைச்ச கதை

இனி இது தேறாதுன்னுதான் நெனச்சேன். பிரஷ்ஷால தூசியைத் தட்டி, மெமரியோட பித்தளைக் கலர் பல்லையெல்லாம் பென்சில் அழிக்கிற ரப்பரால தேய்ச்சு மாட்டுனேன். திரை வந்துச்சு. பழசும் புதுசும் சேத்துப் பன்னெண்டு ஜிபின்னு காட்டுச்சு. நம்பாம மெமரி டெஸ்ட் ஓட விட்டேன். ஒரு பிழைகூட இல்ல. விரல் நீளம் கூட இல்லாத பொருளு, பொட்டல் வெயில்ல மிளகாயோட மிளகாயா ஒரு நாள் பூரா கெடந்துட்டு வந்து வேலை பாக்குது. இத்தனை வருசத் தொழில்ல நான் இப்படி ஒண்ணைப் பாத்ததில்ல.

செல்வி கம்பெனி சாப்ட்வேரைத் திறந்துச்சு. சட்டுன்னு திறந்துக்கிச்சு. பிள்ளை என் கையைப் பிடிச்சுக்கிச்சு.

"அப்ப நான் திருப்பூர் போக வேணாமாக்கா?"

திங்கக்கிழமை போன்

மறுநாள் மத்தியானம் செல்விகிட்ட இருந்து போன். வேலையில சேந்தாச்சு, ஒரு தடங்கலும் இல்லன்னு சொல்லுச்சு. எதுக்கு இம்புட்டு மெதுவாப் பேசுறன்னு கேட்டேன்.

"அய்யா மிளகா எடுக்கப் போகாம பக்கத்துலயே உக்காந்திருக்காருக்கா. மெஷின் சூடாகுதாம், காலைல இருந்து ஓலை விசிறியால அதுக்கு விசிறிக்கிட்டே இருக்காரு."

மலிவா நல்ல மெமரி எதுன்னு கேக்குறவங்களுக்கு இப்பல்லாம் நான் சொல்றது இதுதான்: வாரண்டி உள்ளதாப் பாத்து வாங்குங்க, கூட இப்படி ஒரு அப்பனும் அமைஞ்சா அது உங்க யோகம்.