பானைக்கு அடியில் ஒரு புள்ளி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. ஆனால் எங்கள் ஊரில் முதல் ஐஸ் பிளான்ட் நான் கட்டியது. முதல் எஞ்சின் படகை, எங்கள் பேச்சில் போட்டை, கடலில் இறக்கியதும் நான். கடலில் நிற்பவனோடு கரையிலிருந்து பேச வயர்லெஸ் செட் வாங்கி, மொட்டைமாடியில் இரும்புக் குழாய் நட்டு ஏரியல் கட்டியதும் நான்தான். பைத்தியம் என்றார்கள். பிறகு அதே ஆட்கள்தான் என் வாசலில் வந்து காத்து நின்றார்கள்.

இப்போது போட்டுகளுக்குச் சாட்டிலைட் கருவி வந்துவிட்டது. கன்ட்ரோல் ரூம் திரையில் ஒவ்வொரு போட்டும் ஒரு புள்ளி. நல்ல கருவிதான்... யார் இல்லை என்றது? ஆனால் எங்கள் ஆட்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? மீன் கிடைக்கும் இடத்துக்குத் திரும்பும் முன்பே கருவியின் மேல் அலுமினியப் பானையைக் கவிழ்த்து, புள்ளியை மறைத்துவிடுகிறார்கள். இடம் வெளியே தெரிந்தால் மறுநாள் அங்கே ஊரே வந்து நிற்குமே — அந்தப் பயம்.

என் தங்கை மகன் தாசனும் கவிழ்த்திருக்கிறான். போன வாரம் புயல் எச்சரிக்கை வந்தபோது திரையில் அவன் புள்ளி இல்லை. அவன் மனைவி செலின் என்னிடம் ஓடி வந்தாள். செட்டைப் போட்டேன்.

"தாசா, கேக்கியா மக்கா?"

"வடக்கதான் நிக்கேன் மாமா. நல்ல மீன்பாடு."

அவ்வளவுதான். பிறகு வெறும் இரைச்சல்.

வயர்லெஸ்ஸில் பேசினால் எல்லாப் போட்டும் கேட்கும். அதனால் மீன்பாடு என்றால் திசையை மாற்றித்தான் சொல்வோம். வடக்கு என்றால் தெற்கு. கரையில் கேட்கும் சொந்தக்காரனுக்கு மட்டும் அது விளங்கும்.

கன்ட்ரோல் ரூமுக்குப் போய், அவன் நிற்பது தெற்கே என்று சொன்னேன். அதிகாரி மரியாதையான மனிதர், நாற்காலி போட்டார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "புயல் நேரத்துலயுமா பொய் சொல்லுவாரு?"

"மீனு கெடச்சா சொல்லுவான் சார்."

திரையில் கடைசியாகத் தெரிந்த புள்ளியும் வடக்குப் பக்கம்தான் இருந்ததாம். தேடும் கப்பல் வடக்கே போனது. பலகைத் துண்டுகூட அகப்படவில்லை.

செலின் நேற்று என் செட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கேட்டாள்: "மாமா, அண்ணைக்கு நெசமாட்டே வடக்கதான் நின்னாரோ?"

இவளுமா? செட்டைப் போட்டு மறுபடி தாசனைக் கூப்பிட்டேன்.

கடைசித் தொடர்பு அந்தப் புள்ளிதான் என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். இல்லை ஐயா. கடைசியாக அவன் பேசியது என்னிடம். அங்கே என் பெயரைப் போடுங்கள் — போட்டுவிட்டு, தெற்கே ஒரு கப்பலை அனுப்புங்கள்.