யாரும் கேட்காத ஐந்து ரூபாய்

இப்போதும் என் கைக்குக் கொஞ்சம் காசு வந்தால், அது எங்கிருந்து வந்தது, எதற்குப் போகப் போகிறது என்று வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் எனக்கு மூச்சு சீராகும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "உங்க சல்லிதானேம்மா, ஏன் எங்கிட்ட ஒப்பிக்கிறீங்க" என்று மகன் சலித்துக்கொள்வான். அவனுக்கு என்ன சொல்வது? எனக்கே அலுத்துப்போன பழக்கம்தான். விட முடியவில்லை.

இலங்கையில் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் எங்களுக்கு ஒற்றை அறையாக ஒரு காம்பரா. அம்மா கொழுந்து பறித்தாள், அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். எனக்கு இரண்டு வயது இளையவள் தங்கச்சி. சம்பள நாளில் அம்மாவின் சம்பளத்தையும் ஆபீஸ் ஜன்னலில் அப்பாதான் வாங்குவார். எல்லா வீட்டிலும் அப்படித்தான். பொம்பளைகள் பேரைக் கூப்பிடுவார்கள், ஆம்பளைகள் கை நீட்டுவார்கள். அப்பா வாங்கிய காசு கள்ளுத் தவறணையைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வரும். வரும்போது எவ்வளவு மிச்சம் என்பது அன்றைக்குச் சேர்ந்த கூட்டாளிகளைப் பொறுத்தது.

நான் ஐந்தாம் வகுப்பை முடித்திருந்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடம் அதோடு சரி. மேலே படிக்க அட்டன் டவுனுக்கு நடக்க வேண்டும். நடை பிரச்சினை இல்லை. வெள்ளை உடுப்புக்குத் துணியும் சேருகிற காசும் சேர்த்து ஐந்து ரூபாய் ஆகும், அடுத்த திங்கட்கிழமைக்குள் கட்ட வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அப்பாவிடம் கேட்டால் "பாப்போம்" என்பார். எங்கள் வீட்டில் அதற்கு இல்லை என்று அர்த்தம்.

அந்த மாதம் கவ்வாத்துக் கத்தி அவர் காலில் இறங்கிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு படுத்தார். வேறு வழியில்லாமல் முதல் தடவையாக அம்மாவே சம்பளம் வாங்கப் போனாள். துணைக்கு நானும் போனேன். ஜன்னலில் அம்மாவைப் பார்த்ததும் கிளாக்கர் ஐயா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அவனுக்கு வெட்டு கால்லதானே, கையில இல்லியே?" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பின்னால் நின்ற ஒரு கிழவிதான், "இங்கன நடந்து வர்றதுக்குக் காலுதானுங்க வேணும், அவரு கையால நடக்குறதில்லீங்களே" என்றாள். வரிசையே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கைநாட்டு வைத்து வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திரும்பும் வழியில், தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நின்று முடிச்சை அவிழ்த்தாள். ஒரு ஐந்து ரூபாய்த் தாளை எடுத்துச் சின்னதாக மடித்து என்னிடம் கொடுத்தாள்.

"உள்ளுக்குள்ள வச்சிக்க. திங்கக்கெழம டீச்சர் கையில குடுத்துரு. சம்பளத்துல அரிசிக்கு இந்தத் தடவ கூடப் புடிச்சிட்டாங்கன்னு அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சட்டைக்குள் செருகிக்கொண்டேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. பத்து அடிக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். கிளாக்கர் ஐயா யாரிடமாவது சொல்லிவிட்டால்? அரிசிக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று அப்பா பக்கத்துக் காம்பராவில் விசாரித்தால்? அம்மாவை அடிப்பாரே. லயத்துப் படி ஏறும்போது அம்மாவின் முதுகுக்குப் பின்னாலேயே ஒளிந்து போனேன்.

அப்பா சாக்கில் படுத்து, காலை ஒரு விறகுக்கட்டை மேல் தூக்கி வைத்திருந்தார். அம்மா காசைக் கொடுத்தாள். அரிசிக்குக் கூடப் பிடித்ததைச் சொன்னாள். அவர் "ம்" என்றார். அவ்வளவுதான். எண்ணக்கூட இல்லை. காசை நெஞ்சின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்துவிட்டது. நான் அப்படியே அடுப்பங்கரைக்குப் போயிருந்தால் போதும்.

நான் போகவில்லை. சட்டைக்குள் கைவிட்டுத் தாளை எடுத்து அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதுவும் இருக்குப்பா."

அவர் தாளைப் பார்த்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். சிரித்தார். "ஒம் மவளுக்குக் களவு வரலடி" என்று சொல்லி அதையும் மற்றதோடு சேர்த்துக்கொண்டார். அம்மா அடுப்பைப் போய் ஊதினாள். சாயந்திரம் கூட்டாளி ஒருவர் நலம் விசாரிக்க வந்தார். அப்பாவிடம் காசு வாங்கிக்கொண்டு தவறணைக்குப் போய்ப் போத்தலோடு திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை பீலியில் துணி துவைக்கும்போதுதான் அம்மா அதைப் பற்றிப் பேசினாள். கோபமே இல்லை குரலில். "நீ குடுக்காம இருந்திருக்கலாம் புள்ள. அவருதான் கேக்கவே இல்லியே."

அம்மா அடி வாங்கக் கூடாதென்றுதான் கொடுத்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு நாள் இருக்க என்னால் முடியாது. அதுதான் மீதி.

திங்கட்கிழமை வந்தது, போனது. சில மாதத்தில் தோட்டத்து வேலையாட்கள் பேர் எழுதும் செக்ரோலில் என் பேரையும் பதிந்தார்கள். என் சம்பளத்தையும் அப்பாதான் வாங்கினார். கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுக்காரர் வாங்கினார். எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த ஐந்து ரூபாய்க்கு இரண்டு வருஷம் கழித்து, எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால், அப்பா காய்ச்சலில் படுத்தார். அம்மா மறுபடி ஆபீசுக்குக் கிளம்பினாள். நானும் எழுந்தேன். "நீ வீட்ல இரு" என்றாள். அடுத்த வாரம் தங்கச்சி வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு அட்டனுக்குப் படிக்கப் போனாள். டீச்சர் வாங்கிக் கொடுத்தார் என்று அப்பாவிடம் சொன்னார்கள். என்னிடமும் அதையேதான் சொன்னார்கள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் போய் அப்பாவிடம் சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.