கல் மேல் ஏற்றிய கார்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஒகேனக்கலுக்கு வாடகைக்கார் கேட்டு ஆள் வராது. எண்பதுகளில் என்னிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது. மழை தொடங்கியதும் அதைக் கொட்டகையில் விட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றிப் போடுவேன். தை பிறந்த பிறகுதான் எடுப்பது என்று பேச்சு. ஆனால் நல்லம்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊரில் வேறு கார் கிடையாது. யாராவது வந்து நின்று கெஞ்சினால் ஒயரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை.

மூத்த மகள் பிறந்த அன்றும் அப்படித்தான். யாரோ கூப்பிட்டார்கள் என்று போய், அருவிக்கரையில் மீன் வறுவல் தின்றுகொண்டிருந்தேன். என் மனைவி நாலு வருஷம் அதை மறக்கவில்லை. நான் மீன் வாங்கி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அடுத்த பிள்ளை வயிற்றில் இருந்தபோது, மழைக்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"வண்டி நின்னாதாங்க நீங்க வூட்ல நிப்பீங்க. இந்தத் தடவ ஒழுங்கா நிறுத்துங்க."

ஒழுங்காகத்தான் நிறுத்தினேன். யார் வந்து கேட்டாலும் நானே நினைத்தாலும் எடுக்க முடியாதபடி நிறுத்தினேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் கருங்கல் அடுக்கி, நாலு சக்கரத்தையும் கழற்றிப் பரணில் ஏற்றினேன். துருப்பிடிக்காமலிருக்க டேங்க் நிறையப் பெட்ரோல். பிளக்குகளைக் கழற்றி ஓட்டைகளில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி முடுக்கினேன். எட்டு மாத வயிற்றோடு அவள் கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்து தன் பழைய சேலையைக் கிழித்துத் தந்தாள். எலி புகாமல் அதைப் புகைக்குழாயில் அடைத்தேன். பேட்டரியைத் தருமபுரிப் பட்டறையில் கொண்டுபோய் விட்டேன், தை வரைக்கும் அங்கேயே இருக்கட்டும் என்று.

மூன்றாம் நாளே ஒருவர் கல்யாணத்துக்கு வண்டி கேட்டு வந்தார். கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஏமாந்து போனார். உள்ளே அவள் சிரித்தது எனக்குக் கேட்டது. கல்யாணமாகி அந்த ஒரு வாரந்தான் நான் அவளுக்கு நல்ல புருஷனாக இருந்தேன்.

எட்டாம் நாள் காலையில் அவளுக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. பக்கத்துக் காட்டுக்காரரிடம் டிராக்டர் இருந்தது. டிரெய்லரில் ஏற்றினால் குலுங்கும், பஸ்ஸே மேல் என்று பெண்கள் சொன்னார்கள். பத்து மணி டவுன் பஸ்ஸுக்காக நின்றோம். அது பதினொன்றரைக்கு வந்தது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பஸ்காரனை, மழையை, ரோட்டை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். பையன் பிறந்தான், அழவில்லை. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே என்று டாக்டரம்மா வருத்தத்தோடு சொன்னார்.

அதன் பிறகு அந்தக் காரைக் கண்ணால் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. விற்றுவிடுவதென்று முடிவு செய்தேன். வாங்க வருகிறவருக்கு ஓட்டிக் காட்ட வேண்டுமே என்று சக்கரங்களை இறக்கினேன். பேட்டரி எடுக்கத் தருமபுரிக்குக் கிளம்பியபோது, அந்த டிராக்டர்காரர் தன் பேட்டரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இதுக்குப் போயி எதுக்குங்க டவுனுக்கு? எங்க பேட்டரியும் இதுக்குச் சேரும்" என்றார்.

இத்தனை வருஷம் வண்டி ஓட்டிய எனக்கு அது தெரியாதா? தெரியும். அவளுக்கு ரத்தம் போன அன்றைக்கு மட்டும் இந்த மண்டையில் ஏறவில்லை. அவரும் நானும் சேர்ந்து சக்கரங்களை மாட்டினோம், கற்களை உருவினோம், புகைக்குழாய்த் துணியை இழுத்துப் போட்டுவிட்டுப் பேட்டரியை இணைத்தோம். கொஞ்சம் புகை கக்கிவிட்டு முதல் தடவையிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவ்வளவு நன்றாக நிறுத்தி வைத்திருந்தேன்.

சத்தம் கேட்டு அவள் வாசலுக்கு வந்தாள். காரைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள். கோபமில்லாமல், தெரியாததைக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"இவ்ளோ நேரந்தாங்களா ஆவும்?"

 ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, எஞ்சினை நிறுத்தத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.