நகர்ந்தது பனி

வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்க்கும் கங்காணி நான். அன்று காலை மலையில் பனி அடர்ந்திருந்தது.

"கங்காணி அய்யா, மாரியாயி அக்காவக் கூப்பிட்டேன், பதிலே இல்லீங்க" என்றாள் கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த செல்வி.

மேலே இருந்த செடி நிரையைப் பார்த்தேன். மாரியாயி செடிமேல் குனிந்து, மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார்.

"அந்தா, கொழுந்து எடுத்துக்கிட்டுதானே இருக்காங்க! நீ ஒன் நிரையப் பாரு."

தேத்தண்ணி நேரத்திலும் அவர் இறங்கி வரவில்லை. ஏறிப் போனேன். நெஞ்சடைத்துச் செடிமேல் சாய்ந்தவர், சாய்ந்தபடியே சில்லிட்டுக் கிடந்தார். அவர் நகரவே இல்லை. அவரைச் சுற்றிப் பனிதான் நகர்ந்திருக்கிறது.

இப்போதெல்லாம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்த பிறகுதான் நகர்கிறேன். ஆனாலும் பனி இறங்கினால் அந்த நிரையைப் பார்க்கமாட்டேன். பார்த்தால், நகர்வது பனிதான் என்று தெரிந்தும், மாரியாயி கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்.