பைஸர் நானாவின் இரண்டாவது டிஸ்க்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பைஸர் நானாவைப் பற்றி யாரும் எழுதப்போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம். எங்கள் வீட்டுச் சுவரில் அம்மா சிரித்துக்கொண்டிருப்பது அவராலும், அவரைவிடப் பிடிவாதக்காரியான அவர் மனைவி ஜிப்ரியா அக்காவாலும்தான்.

சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் கல்யாணம், சடங்கு, தேர்த் திருவிழா எதுவானாலும் கேமராவோடு நிற்பவர் நானா. இங்கே ஒரு பழக்கம் உண்டு. லயத்து வரிசை வீடுகளில் யாராவது இறந்து, மாலை போட நல்ல படம் இல்லையென்றால், இறந்தவர் போய்வந்த கல்யாணங்களை நினைவுபடுத்திக்கொண்டு நானாவிடம் வருவார்கள். அடுத்தவர் வீட்டு வீடியோவிலிருந்து நம்மவர் முகத்தைத் தேடி எடுத்துக் கொடுப்பார். அதற்காகவே எந்தக் கல்யாணத்தையும் அவர் அழிப்பதில்லை.

அத்தனையையும் எதில் வைப்பது என்று புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. ஒரே வீடியோவை இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஒருசேர எழுதி வைத்தால், ஒன்று போனாலும் மற்றது இருக்கும். ரெய்டு என்கிறார்கள். அதுவரை இருவருக்கும் ஒரே கருத்துதான். நானாவுக்கு ஹார்ட்வேர் ரெய்டு பெட்டிமேல் ஆசை. இரண்டு டிஸ்கையும் உள்ளே போட்டுவிட்டால் மற்ற வேலையைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும், கம்ப்யூட்டருக்குச் சுமையில்லை, முன்பக்கம் நீல லைட்டும் எரியும். அந்த லைட்டில்தான் மனுஷன் மயங்கினார் என்பது அக்காவின் கட்சி.

"பெட்டிக்குள்ள இருக்கிற போர்ட் செத்தா என்ன செய்வீங்க? அதே மாதிரிப் பெட்டிய எங்க போய்த் தேடுற? சாஃப்ட்வேர்ல செஞ்சா, டிஸ்க கழட்டி வேற கம்ப்யூட்டர்ல கொளுவினாச் சரி" என்றாராம் அக்கா.

அக்காதான் ஜெயித்தார். தனித்தனி வயரோடு இரண்டு டிஸ்குகள் வந்தன. இரண்டிலும் எழுதுகிற வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்தது.

போன மழைக்காலத்தில் என் அம்மா அழகம்மா இறந்துபோனார். றொசல்லப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். கேமராவைக் கண்டால் ஓடிவிடுவார். மிஞ்சியது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான்; அதில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கெழுதும் கண்டாக்கோடு மல்லுக்கு நிற்பவர் மாதிரி முறைத்துக்கொண்டிருப்பார். அந்த முறைப்புக்கு மாலை போட எனக்கு மனம் வரவில்லை. மீனம்மா அத்தை மகளின் கல்யாணத்துக்கு அம்மா போனது ஞாபகம் வந்தது. நானா எடுத்த அந்த வீடியோ அத்தை வீட்டில் தொலைந்துபோயிருந்தது. ஸ்டூடியோவுக்கு ஓடினேன்.

இருவர் முகமும் சரியில்லை. ஒரு டிஸ்க் அன்று காலையில் செத்திருந்தது.

எங்கள் ஊர் ஈரத்துக்கு லென்ஸில் பங்கஸ் என்கிற பூஞ்சணம் பிடிக்கும் என்று, ஈரம் காயப் பல்பு எரியும் அலுமாரிக்குள்தான் கேமராக்களை வைப்பார்கள். டிஸ்குக்கும் பங்கஸ் பிடித்துவிடும் என்று பயந்து, நானா அதையும் வயரோடு உள்ளே தள்ளியிருக்கிறார். டிஸ்க் ஏற்கெனவே சூடாகிற சாமான். பல்புக்கு அடியில் கிடந்து வெந்தேபோனது.

"ரெண்டையும் வைக்கத்தான் பார்த்தேன் தங்கச்சி, இடம் பத்தல்ல" என்று தலையைச் சொறிந்தார்.

"அந்தப் பெட்டிய வாங்கியிருந்தா முழுசாவே உள்ள போயிருக்கும். ரெண்டும் சேந்து வெந்திருக்கும்" என்றார் அக்கா. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மேசைமேல் கிடந்த இரண்டாவது டிஸ்கும் திறக்காவிட்டால் அம்மாவுக்கு அந்த முறைப்புதான் என்றைக்கும்.

திறந்தது. நானா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் முருகனைக் கூப்பிட்டேன்.

பந்தலில் அம்மா இல்லை, மணவறைப் பக்கமும் இல்லை. "அம்மா எங்க நிப்பாங்க?" என்று நானா கேட்டார். "வேற எங்க நானா, சமையல் பக்கந்தான்" என்றேன். நல்லவேளை, அங்கேயும் போய்ப் படம்பிடித்திருந்தார்.

சோற்று அண்டாவுக்குப் பக்கத்தில் அம்மா யாரோடோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். மறுகணம் கேமராவைக் கண்டுவிட்டார். "சோறு எறக்குற நேரத்துல இது என்னாங்க நானா, அங்கிட்டுப் போங்க!"

படம் தேடிப் போன எனக்குக் குரலும் கிடைத்தது. அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

சிரித்த முகத்தைப் பிரேம் போட்டு, மாலையும் போட்டோம். திட்டியதை மட்டும் என் போனில் போட்டுக் கொடுத்தார் நானா. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அம்மாவிடம் ஒருதரம் திட்டு வாங்கிக்கொண்டுதான் போகிறேன்.