காமிராவுக்கு ரப்பர் கட்டியவன்

காமிராவுக்கு ரப்பர் கட்டியவன் என்று சேலம் கடைவீதியில் என்னை இன்னும் சொல்வார்கள். சொல்லட்டும். கட்டினேன். இப்போதும் கட்டுகிறேன்.

அப்போது நான் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். காமிராவோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அந்தக் கடையில் வாசிக்கத் தெரிந்தவனும் நான் ஒருவன்தான். அது ஜெர்மனியில் செய்த ரேஞ்ச்ஃபைண்டர் காமிரா. அதன் முகத்தில் இரண்டு சிறு ஜன்னல்கள். அவற்றின் வழியே வரும் இரண்டு உருவங்களும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தினால்தான் படம் தெளிவாக வரும். சூரியன் எதிரே நின்றுவிட்டால் கண் வைக்கும் இடம் முழுவதும் பால் ஊற்றினதுபோல் வெளுக்கும்; இரண்டாவது உருவம் காணாமல் போகும். லென்சுக்கு வெயில் மறைக்கும் மூடாக்கு கடையிலேயே கிடைத்தது. அந்த ஜன்னல்களுக்கு ஒன்றும் இல்லை. புத்தகத்திலும் ஒரு வரி இல்லை.

அப்படி வெளுத்த ஒரு சாயங்காலத்தில் அடி எண்ணி, அந்தத் தூரத்தை லென்சில் வைத்து எடுத்தேன். படம் கலங்கியது. இன்னொரு படம் இப்படி வந்தால் காமிராவைத் தொடக்கூடாது, இருட்டறையில் தட்டு கழுவத்தான் லாயக்கு என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அன்றே பழைய சைக்கிள் டியூபைக் காமிராவில் மாட்டிக் கழற்றும் பட்டையாக வெட்டி, இரண்டு ஜன்னல்களுக்கும் மேலே தாழ்வாரம்போல் நீட்டிக்கொண்டு நிற்கும்படி சாக்கு ஊசியால் தைத்தேன். முதல் முறை அது தொங்கி ஒரு ஜன்னலையே மறைத்தது. உள்ளே குடைக்கம்பித் துண்டு ஒன்றை வைத்துத் தைத்ததும் நிமிர்ந்தது. முதலாளியிடம் காட்டினேன்.

"ஏன்டா, ஜெர்மன்காரனுக்குத் தோணாதது உனக்குத் தோணிருச்சா? நாலு எழுத்து படிச்சதுக்கே இப்படியா?"

கழற்றி எறியச் சொன்னார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த கலியாணம் ராசிபுரம் பக்கம். மாப்பிள்ளை வீட்டு வண்டி புறப்படும் முன்பு, வாசலில் ஜோடியாக ஒரு படம் வேண்டும் என்றார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மணமக்கள் உட்காரும் பலகையைக் கிழக்குப் பார்க்கப் போட்டிருந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் சூரியன், நேராக என் கண்ணில். பலகையைத் திருப்பிப் போடலாமா என்று பெண்ணின் தாய்மாமனைக் கேட்டேன்.

"ஏனுங் தம்பி, பொழுது உழுவற தெசையப் பாத்துப் பொண்ணு மாப்பிள்ளைய உக்கார வெப்பாங்களா? அது ஆவாதுங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவர்கள் எப்படி உட்கார வேண்டும் என்பது அவர்கள் பாடு. எடுப்பது என் பாடு. பையிலிருந்து ரப்பரை எடுத்து மாட்டினேன். கூட்டத்தில் ஒருவர், "காமிராவுக்குப் பஞ்சருங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், மணப்பெண்ணும்கூட. நான் சிரிக்கவில்லை. கண்ணை வைத்தேன். வெளுப்பு விலகியிருந்தது. பெண்ணின் மூக்குத்தி இரண்டாகத் தெரிந்தது. லென்சை மெல்லத் திருப்பினேன், ஒன்றானது. எடுத்தேன்.

படத்தை முதலாளி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மூக்குத்தியில் கல் எண்ணலாம். நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை. காமிராவில் இன்னும் ரப்பர் இருப்பதைப் பார்த்தவர், வருகிறவர்கள் பார்த்தால் கேவலம், கழற்று என்றார்.

"கழட்ட மாட்டேனுங்க. கழட்டித்தான் ஆவணும்னா அடுத்த கலியாணத்துக்கு நீங்களே போயிட்டு வாங்க."

சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அவர் எழுந்து வந்து ரப்பரைத் தானே பிடுங்கினார். வெயில் அடிக்கிற வாசலைப் பார்த்துக் காமிராவைக் கண்ணில் வைத்தார். திருகினார். மறுபடி திருகினார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு ரப்பரை மாட்டி, காமிராவை என் பக்கம் நீட்டினார்.

"தலைகீழா மாட்டிட்டீங்க" என்றேன்.