இலை வராத நாட்களில் ஓடிய கார்டு

ஒரு கிராபிக்ஸ் கார்டைக் கையால் தொடுவதற்கு முன்பே கிராபிக்ஸ் கார்டுகளைப் பற்றி எனக்கு எல்லாமே தெரிந்திருந்தது. எந்த மாடலில் எத்தனை ஃபேன், எதில் மெமரி சீக்கிரம் சூடாகும், எது கரண்டைக் குடிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். மஞ்சூரிலிருந்து ஊட்டிக்குக் காலேஜ் போகும் பஸ்ஸில் தினமும் அந்த வீடியோக்கள்தான். வளைவுக்கு வளைவு சிக்னல் போய்விடும் என்பதால் முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்வேன். "இவளுக்குக் கட்டிக்கப் போறவன் பேரு தெரியாது, கார்டு பேரு மட்டும் அத்தனையும் தெரியும்" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

கார்டு தேவைப்பட்டது எனக்கல்ல. அக்காவுக்கு.

அக்கா மஞ்சூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். கடையில் கூட்டமில்லாத மத்தியானங்களில், அங்கிருந்த சிஸ்டத்திலேயே வீட்டின் உள் அலங்காரங்களைக் கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. மழை பெய்து யாருமே வராத ஒரு ஆடி மாதம் முழுக்க உட்கார்ந்து, இல்லாத ஒரு வீட்டுக்கு ஜன்னல், திரைச்சீலை, சமையலறை எல்லாம் செய்தாள். எவர்சில்வர் குடத்தின் வயிற்றில் ஜன்னல் வளைந்து தெரிந்ததைக் காட்டியபோது நான் வாயைப் பிளந்துவிட்டேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டில் அப்படி ஒரு ஜன்னலே கிடையாது.

அந்தப் படங்களைப் பார்த்த கோயம்புத்தூர் ஆபீஸ் ஒன்று, ஒரு ஃபிளாட்டின் பிளானை அனுப்பியது. அதற்குள் நடந்துபோவது போல ஒரு வீடியோ செய்து பத்து நாளில் அனுப்ப வேண்டும். பிடித்தால் வீட்டிலிருந்தே வேலை. பிடிக்காவிட்டால் திருப்பூர். சித்தி அங்கே ஒரு பனியன் கம்பெனியில் பேசி, ஹாஸ்டலில் கட்டில்கூடச் சொல்லி வைத்திருந்தாள். தேயிலை விலை படுத்துப் போனதிலிருந்து எங்கள் பக்கத்திலிருந்து கீழே இறங்கியவர்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் போனார்கள். போனவர்கள் பொங்கலுக்கு வருவார்கள், கொஞ்சம் வெளுத்து, கொஞ்சம் இருமிக்கொண்டு. அக்காவுக்குப் போக விருப்பமில்லை. அதை அவள் சொன்னதில்லை. ஆனால் ஹாஸ்டல் என்ற சொல் காதில் விழுந்தால் எழுந்து வெளியே போய்விடுவாள்.

எங்களிடம் இருந்தது ஜெராக்ஸ் கடைக்காரர் கழித்துக் கொடுத்த ஒரு பழைய கம்ப்யூட்டர் கேபினட். அதில் அந்த வீடியோவை ஓட்டினால் பத்து நாளில் சமையலறை வாசலைக்கூடத் தாண்டாது. நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்றை மாட்டினால்தான் படங்கள் வேகமாக வரும். புதுக் கார்டுக்கு அக்காவின் சேமிப்பு பாதிதான் எட்டியது. பழசு வாங்கலாம். ஆனால் அது செத்துப்போனால் இன்னொன்று வாங்க எதுவும் மிஞ்சாது.

"பழசுன்னா மைனிங்ல ஓடினதாத்தான் இருக்கும்க்கா. பிட்காயின் மாதிரி காயின் தோண்டறதுக்குன்னு ராப்பகலா ஓட விட்டுருப்பாங்க. காயின் விலை உழுந்ததும் துடைச்சு விக்கறாங்க. வாரண்டி கிடையாது."

"எத்தனை நாளு ஓடுச்சுன்னு பாத்தாத் தெரியுமா?"

"தெரியாது. விக்கறவன் சொல்றதுதான்."

"அப்ப பொண்ணு பாக்கப் போற மாதிரிதான்" என்றாள் அக்கா. "போய்ப் பாக்கலாம் வா."

விற்பனைக்கு என்று வாட்ஸ்அப் குரூப்பில் வந்த விலாசத்தைப் பார்த்ததும் இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். அது ஒரு தேயிலை ஃபேக்டரி. சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி அரைக்கும் ஃபேக்டரி. அந்த ஃபேக்டரியின் இலை வண்டியில் மூட்டை ஏற்றுகிற வேலைதான் அப்பாவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேபினட்டைக் கம்பளியில் சுற்றி பஸ்ஸில் ஏற்றினோம். விற்பவனுடைய மெஷினில் ஓடினால் போதாது, நம்முடையதில் ஓட வேண்டும் என்பது என்னுடைய நிபந்தனை. கண்டக்டர் கம்பளியைத் தட்டிப் பார்த்து, "உள்ள என்ன கண்ணு, கொழந்தையா?" என்றார். "ஆமாங்க, அரை டிக்கெட் போடுங்க" என்றாள் அக்கா. லக்கேஜ் போடவில்லை அவர்.

ஃபேக்டரி சத்தமில்லாமல் இருந்தது. முதலாளியின் மகன், எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர், போனில் அவருடைய அம்மாவிடம் படுகர் பாஷையில் பேசிக்கொண்டே மாடிக்கு அழைத்துப் போனார். மாடி முழுக்கக் கொழுந்தை வாட வைக்கிற நீளத் தொட்டிகள். அடியில் கம்பி வலை. ஒரு முனையில் ஆள் உயர ஃபேன். அந்தக் காற்று வலை வழியே மேலே வந்து இலையின் ஈரத்தை எடுக்கும். ஒரு தொட்டியில் இலைக்குப் பதிலாகக் கார்டுகள் வரிசையாக நின்றன.

கீழே கோயம்புத்தூரில் இத்தனை கார்டை ஓட்ட வேண்டுமென்றால் ஏசிக்கே சொத்தை விற்க வேண்டும். இந்த மனிதர், காலங்காலமாக இலைக்கு வீசிய காற்றில் அதைச் செய்திருக்கிறார்! எந்தக் கார்டிலிருந்து வரும் சூடும் பக்கத்துக் கார்டைத் தொடாதபடி இடைவெளி விட்டிருந்தார். ஒயர்களை, இலை மூட்டை கட்டும் சணலால் முடிச்சுப் போட்டிருந்தார். நான் பார்த்த வீடியோ எதிலும் இத்தனை அழகான ஏற்பாடு இல்லை. தேயிலையும் படுத்து, காயினும் படுத்து, இரண்டும் ஒரே மாடியில் படுத்திருந்தன. ஆனாலும் அந்த யோசனையின் அழகு குறையவில்லை.

"ரொம்ப ஓடலைங்க" என்றார். "இலை வந்தா இந்தத் தொட்டி வேணுமில்லீங்களா? அன்னிக்கு எல்லாத்தையும் ஆஃப் பண்ணி எடுத்துருவோம். ஃபேக்டரி ரெஸ்ட்ல இருக்கற அன்னிக்கு மட்டும்தான் ஓடும். வாரத்துக்கு ரெண்டு நாள்னு வெச்சுக்கங்க."

வாரத்துக்கு இரண்டு நாள்! நான் அக்காவின் முழங்கையைக் கிள்ளினேன். இப்படி ஒரு கார்டு இந்தியாவிலேயே கிடைக்காது என்று கிசுகிசுத்தேன்.

அக்கா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரொம்ப மரியாதையாகப் பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்ணா, உங்க இலை வண்டியில மூட்டை ஏத்தறது எங்கப்பாங்க."

"அப்படீங்களா! யாரு, அந்த மங்கி குல்லா போட்டிருப்பாரே, அவருங்களா?"

"அவரேதானுங்க. ஃபேக்டரி ரெஸ்ட்டுன்னா வண்டி வராது. வண்டி வரலைன்னா எங்கப்பா ஊட்டுல இருப்பாரு. போன ஆடியில இருந்து தை வரைக்கும் வாரத்துக்கு அஞ்சு நாளு ஊட்டுலதாங்ணா இருந்தாரு. உக்காந்து உக்காந்து கோழிக்கூடே மூணு கட்டிட்டாரு."

ஒரு பழைய கார்டு எத்தனை நாள் ஓடியது என்று கண்டுபிடிக்க உலகத்தில் ஒரு சாஃப்ட்வேரும் இல்லை என்று நான்தான் சொல்லியிருந்தேன். அது ஓடிய கணக்கு எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்திருக்கிறது. அப்பாவுக்கு வேலை இல்லாத ஒவ்வொரு நாளும் இந்தக் கார்டுகளுக்கு வேலை நாள்.

அவர் முகம் சிவந்துபோனது. ஆனால் மறுக்கவில்லை. "நெஜந்தாங்க" என்றார். "இலையே வரலை. வந்த இலைக்கும் குடுக்கற விலையைச் சொன்னா விவசாயி மூஞ்சியப் பாக்க முடியலை. நாங்களே பறிக்க வேண்டாம்னு சொல்ற நிலைமை. கரண்ட் கனெக்‌ஷன் சும்மா கெடந்துச்சு. இதை ஓட்டினேன். அந்தத் தீவாளி போனஸ் இதுல வந்ததுதாங்க."

"போனஸ் வந்துச்சுங்க, அப்பா சொன்னாரு. நல்ல மனசுங்க உங்களுக்கு" என்றாள் அக்கா. "ஆனா அதுக்கும் கார்டு விலைக்கும் என்னங்க சம்பந்தம்?"

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்த கையோடு உள்ளே போய் ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து வந்தார். "அப்ப இதை எடுத்துக்கங்க. இது ஸ்பேருக்குன்னு வாங்கினது. பத்து நாளுகூட ஓடியிருக்காது. மழைக் காலம் பூரா பெட்டியிலதான் இருந்துச்சு. இது சத்தியமுங்க."

கார்டு பளபளவென்று இருந்தது. ஃபேனில் ஒரு தூசி இல்லை. ஓடாத கார்டு, பழைய விலை. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? என் கை தானாகப் பெட்டிக்குப் போனது. அக்கா, "மாட்டு புள்ள, ஓட்டிப் பாத்துட்டுப் பேசலாம்" என்றாள்.

ஆபீஸ் ரூமில் அவர்களுடைய மானிட்டரில் இணைத்தேன். இதற்கென்று எல்லோரும் ஓட்டுகிற ஒரு சோதனை இருக்கிறது. கார்டை எரித்துவிடுகிற அளவுக்கு வேலை கொடுக்கும். அதைத் திறக்கப் போனேன். அக்கா தடுத்தாள். "நமக்கு என்ன வேலையோ அதைக் குடு." அவளுடைய ஃபிளாட்டைத் திறந்து, சமையலறையைத் தேர்ந்தெடுத்தாள். கண்ணாடி அலமாரி, எவர்சில்வர், ஈரத் தரை. இருப்பதிலேயே கஷ்டமான இடம்.

படம் வரத் தொடங்கியது. எங்கள் கேபினட்டில் அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததே இல்லை. தரை வந்தது, அலமாரி வந்தது. பிறகு குடத்தின் மேல் ஊதா நிறத்தில் புள்ளிகள். ஒன்று, நாலு, நாற்பது. அம்மை போட்டது போல முகமெல்லாம். திரை அணைந்துவிட்டது.

கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஸ்க்ரூ தலைகளில் துருவும் ஓரத்து ஈயப் பற்றுகளில் பச்சைக் களிம்பும் பூத்திருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டி இருந்தது அதே மாடியில். இலை வந்த நாட்களில் அத்தனை தொட்டியிலிருந்தும் கிளம்பிய ஈரம், மீதி நாட்களில் ஜன்னல் வழியாக வந்த மஞ்சு என்கிற பனிமூட்டம், எல்லாம் அந்த அட்டைக்குள் இறங்கியிருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் தங்கள் சூட்டிலேயே காய்ந்துகொண்டன. பத்திரமாக வைத்ததுதான் ஊறிப்போனது. நான் பார்த்த வீடியோக்களை எடுத்தவர்கள் எல்லோரும் சூட்டுக்குப் பயந்த ஊர்க்காரர்கள். எங்கள் குந்தாப் பக்கத்து மழையை அவர்கள் பார்த்ததில்லை.

அவருக்குத்தான் ரொம்ப அதிர்ச்சி. "இது எனக்கே தெரியாதுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பார்த்தாலே தெரிந்தது, உண்மை.

அக்கா என்னிடம் திரும்பினாள். "ராப்பகலா ஓடினதுல என்னென்ன கெட்டிருக்கும்? ஒவ்வொண்ணாச் சொல்லு."

"ஃபேன் தேஞ்சிருக்கும். உள்ள சூட்டை இழுக்கற பேஸ்ட் காஞ்சிருக்கும். அது ரெண்டும் மாத்திக்கலாம். மெமரி எப்படி இருக்குன்னு மட்டும் சொல்ல முடியாது."

"அது சொல்ல முடியாதுன்னா, பாத்துக்கிட்டு உக்காந்திருக்கலாம்" என்றாள். "ஏனுங்ணா, சாயந்திரம் பஸ் வரைக்கும் இங்கயே ஓட்டிக்கலாமுங்களா?"

தொட்டியிலிருந்து ஒன்றை அவளே எடுத்தாள். அழுக்கானது, ஸ்டிக்கர் பழுப்பேறியது. அதே சமையலறையைக் கொடுத்தாள். முடிந்ததும் நிறுத்தாமல் ஹாலுக்குப் போனாள், ஹாலிலிருந்து பால்கனிக்கு. அவர் டீ போட்டுக்கொண்டு வந்தார். நான் டெம்பரேச்சரையே முறைத்துக்கொண்டு இருந்தேன். அக்கா எண்ணைப் பார்க்கவில்லை. திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, குடம், டம்ளர், குழாய் என்று புள்ளி தேடிக்கொண்டிருந்தாள். மத்தியானம் முழுக்க அந்தக் கழுத்து அசையவில்லை. அந்தப் பொறுமையை நான் எந்த மெஷினிலும் பார்த்ததில்லை. வெளியே மஞ்சு இறங்கி ஜன்னல் வெளுத்தபோது ஃபிளாட்டில் பாதிக்கு மேல் நடந்து முடித்திருந்தோம். ஒரு புள்ளி இல்லை.

விலையைக் கேட்டாள். அவர் முதலில் சொன்னதைவிட நன்றாகக் குறைத்துச் சொன்னார். அக்கா தலையாட்டிவிட்டு, செத்த கார்டைக் காட்டினாள். "அதுல ஃபேன் புதுசா இருக்குதுங்களே. அதையும் சேத்துக் குடுத்துருங்க."

அவர் என்னைப் பார்த்தார். "உங்க அக்காவ எங்க ஆபீசுக்கு அனுப்பி வைங்க. ஏலத்துல எங்க டீத்தூளுக்கு நல்ல விலை கெடைக்கும்."

"எலை வரட்டுங்க, பாக்கலாம்" என்றாள் அக்கா.

மீதி ஃபிளாட்டை வீட்டில் முடித்தோம். கரண்ட் போகும்போதெல்லாம் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, தவணைக்கு ஒரு நாள் முன்னால் அனுப்பினாள். இரண்டு நாள் பதில் இல்லை. சித்தி மூன்று தடவை போன் செய்தாள். ஹாஸ்டல் கட்டிலை வேறு யாரோ கேட்கிறார்களாம்.

மூன்றாம் நாள் மெயில் வந்தது. பாராட்டு ஒரு வரிகூட இல்லை. சமையலறை டைல்ஸ் நிறம் மாற்ற வேண்டும், பால்கனி கம்பி உயரம் தப்பு, பூஜை அறைக் கதவு எதிர்ப்பக்கம் திறக்க வேண்டும் என்று முழுக்கத் திருத்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு குறை சொல்றாங்களேக்கா."

அக்கா மெயிலை இரண்டாவது முறை படித்தாள். அவள் முகம் மெதுவாக மலர்ந்தது. "வேண்டாங்கறவங்க எதுக்குடி கதவு எந்தப் பக்கம் தொறக்கோணும்னு சொல்றாங்க?"

போனை எடுத்து வெளியே போனாள். அப்பா கோழிக்கூட்டின் பக்கத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "சித்தி, அந்தக் கட்டிலக் கேக்கறவங்களுக்கே குடுத்துருங்க" என்று அவள் சொன்னது உள்ளே வரை கேட்டது.